மருந்தடிக்காத பாத்தி

சிட்னி, 1976 மாசி 9

தம்பி பழனிசாமிக்கு அக்காள் எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும். பயிரை அளந்த அன்றைக்குச் சணப்பு வயலில் நின்றவர்கள்: மாப்பிள்ளை சேகர், என் மகள் கல்யாணி, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரி கமலினி, மாப்பிள்ளையின் வெள்ளைக்கார அதிகாரி, நான். வேறு யாராவது பார்த்தேன் என்று சொன்னால் நம்பாதே.

மாப்பிள்ளைக்கு இந்த ஊரில் உத்தியோகமே புழு எவ்வளவு தின்னும் என்று பார்ப்பதுதான். வீட்டுக்குப் பின்னாலுள்ள ஆராய்ச்சித் தோட்டத்தில் இரண்டு பாத்தி சணப்பு விதைத்து, ஒன்றுக்கு மருந்தடித்தார், மற்றதைப் புழுவுக்கே விட்டார். இரண்டையும் அளந்து, புழுவால் வளர்த்தியும் நாரும் எத்தனை குறைகிறதென்று காட்டினால் வேலை நீளும், இல்லாவிட்டால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மனுசன் ஒரு பாத்தியை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். புழு இலையைத் தின்றால் செடி தாங்கிக்கொள்ளும். குருத்தைத் தின்றால் உயராது, பக்கத்தில் கிளைத்துப்போகும், நார் முழத்துக்குமேல் தேறாது. உனக்கும் தெரிந்ததுதான், அப்பா காட்டில் புழு பொறுக்கச் சொன்ன அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்தவன்தானே நீ, நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. ஆக, தினமும் விடியலில் பால்பொடி டப்பாவோடு போய், முப்பத்தேழு நாள், ஒரு புழு விடாமல் நான் ஒருத்தியே பொறுக்கினேன்.

அளந்தால் இரண்டு பாத்தியும் ஒரே உயரம். மாப்பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. அதிகாரி ஏதோ கேட்டார். நான் முன்னே போய், "நாந்தானுங்க பொறுக்குனேன்" என்றேன். அவர் கல்யாணியைப் பார்த்தார். அவள் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். அவர் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"என்ன சொன்னா இவ?" என்று கமலினியைக் கேட்டேன்.

"குருவியள் வந்து புழுவைத் தின்னுறதை நீங்கள் கண்டனீங்களாம், அன்ரி."

"அப்ப நான் பொறுக்குனது?"

"அதைச் சொல்லேல்லை, அன்ரி."

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் கல்யாணி. "அவரு வேலை போயிரும்."

ஒடிந்த இடுப்பு என்னுடையது, பேர் குருவிக்கு. இனி அந்த வயல் பக்கம் கால் வைக்கமாட்டேன். பங்குனியில் புறப்பட்டு வருகிறேன், மீனம்பாக்கத்துக்கு வண்டி கொண்டு வா. உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. மாடு கன்றுகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்காள்

பி.கு.: வண்டி வேண்டாம். அது எந்தக் குருவி என்று கண்டுபிடிக்க மாப்பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை கொடுத்துவிட்டார்கள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதிகாரி பாவம், விவரம் தெரியாதவர். மாப்பிள்ளையை மன்னித்தாயிற்று. உன் காய்ச்சலைக்கூட விட்டுவிட்டேன். கல்யாணியை மட்டும் மன்னிக்கமாட்டேன்.