சிட்டுவுக்கு ஒரு சான்றிதழ்

தட்டு கூரையில் ஒட்டிக்கொண்டு பத்து நிமிடமாகிறது. தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் சிட்டுவின் காலை ரொட்டி நசுங்கிக்கிடந்தது.

ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா கணக்குப் பரீட்சைத் தாளைப் பிரித்தாள். நாற்பத்துமூன்று. தட்டு விர்ரென்று மேலே போய்விட்டது.

"எனக்குக் கோபமே வரலைம்மா" என்றாள் சிட்டு. முப்பத்தைந்துதான் வரும் என்று நினைத்திருந்ததால், உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"கோபம் வராமலா தட்டு பறக்குது?" அம்மா இதையும் சிரித்த முகமாகவே கேட்டாள். டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்பது அவள் வேலை. எட்டு மணி நேரம் ஊரார் திட்டுவதை வாங்கிக்கொண்டு, 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று தேன் ஒழுகக் கேட்டுவிட்டு வருவாள். அவள் கோபப்பட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அப்பா ஸ்டூலில் ஏறி ஸ்க்ரூ டிரைவரால் தட்டை நெம்பிக்கொண்டிருந்தார். "பதினெட்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன். இவ மோட்டாரே இல்லாம ஏத்துறா. எறக்கத்தான் தெரியலை."

அந்த வருடம் பரு வரவேண்டிய வயதில் பிள்ளைகளுக்கெல்லாம் சக்தி வந்து தொலைத்தது. சிட்டுவின் வகுப்பில் ஒருவன் தொட்ட தண்ணீரெல்லாம் உறைந்தது. அவனுக்கு ஐஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பையன் நினைத்தால் மறைந்துபோனான். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, ஒரு படிவம் அச்சடித்தது. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை, வீட்டில் சக்தி தென்பட்டால், பிள்ளை கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் அம்பேல்.

சிட்டுவுக்குச் சோதனை நாளை மறுநாள்.

அன்றே அம்மா லீவு போட்டு அவளைப் பயிற்சி நிலையத்துக்கு இழுத்துப்போனாள். மாஸ்டர் போன வருடம்வரை அழகான கையெழுத்து சொல்லிக்கொடுத்தவர். பெயர்ப்பலகையில் 'கையெழுத்து' என்ற இடத்தில் மட்டும் 'சக்தி அடக்கம்' என்று காகிதம் ஒட்டியிருந்தார். பெற்றோர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பது அவர் விதி.

கண்ணை மூடி நூறு வரை எண்ணச் சொன்னார். அறுபதில் சிட்டு தூங்கிவிட்டாள். மாஸ்டர் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, வளர்ப்பு சரியில்லையோ என்றார். சொல்லி வாய் மூடவில்லை, நாற்காலியோடு மின்விசிறி உயரத்துக்குப் போய்விட்டார்.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர், அவ இப்படித்தான்" என்றாள் அம்மா, முகம் கோணாமல்.

மாஸ்டர் மேலிருந்தபடியே நோயைக் கண்டுபிடித்தார். "தூங்கிட்டே செய்யறான்னா இது ஆழ்மனக் கோபம். அட்வான்ஸ் கோர்ஸ்ல சேர்த்துடுங்க. முதல்ல ஒரு ஏணி கொண்டுவாங்க."

சிட்டுவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. யார்மேல் கோபம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். யாரும் அகப்படவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஐஸிடம், அவனுக்குச் சக்தி எப்படி வருகிறது என்று கேட்டாள்.

"எனக்கு விரல் நுனியில சுருக்குன்னு ஆரம்பிக்கும். உனக்கு எங்க ஆரம்பிக்குது?"

"எங்கயும் இல்லடா. நான் பாட்டுக்குச் சும்மா இருக்கேன்."

"அப்ப ரொம்ப முத்திடுச்சு" என்று ஐஸ் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தான்.

சாயங்காலம் அப்பா தன் பங்குக்கு வைத்தியம் பார்த்தார். லிஃப்ட் தண்டவாளத்துக்குப் போடும் போல்ட்டுகளைக் கொண்டுவந்து, கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் தரையோடு முடுக்கினார். இனி யானை வந்தாலும் அசைக்க முடியாது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரி வந்து சோபாவில் உட்கார்ந்தாள். மகனுக்குச் சான்றிதழ் கிடைத்த கதை. அதிகாரி ஒரு மணி நேரம் தேடியும் பையன் கண்ணில் படவில்லையாம், அப்படியொரு கட்டுப்பாடாம்.

"ஆமா, உங்க பொண்ணு இன்னும் தட்டுதான் பறக்கவிடறாளா?"

அம்மா சிரித்தாள். சோபா, போல்ட்டு, பன்னிரண்டு தரைக்கல், எதிர்வீட்டுக்காரி எல்லாம் ஒன்றாகக் கிளம்பி ஜன்னல் உயரத்தில் நின்றன. தண்ணீர் டம்ளரோடு வந்த சிட்டுவை எல்லோரும் பார்த்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் காலை சோதனை அலுவலகம். பெற்றோர் வாசலோடு சரி. அம்மா தலைமுடியை ஒதுக்கிவிட்டு, பதறாதே, கோபப்படாதே, ஒரு வருஷ வாழ்க்கை என்று ஏழு தடவை சொல்லி உள்ளே அனுப்பினாள்.

அறையில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு காகிதம், ஒரு டம்ளர், ஒரு செங்கல். எதிரே அவள் மார்க் பட்டியலோடு அதிகாரி. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை பிள்ளைகளைக் கோபப்படுத்துவதற்கு அவருக்குச் சம்பளம்.

"நாப்பத்திமூணு. இதை வாங்க ஸ்கூலுக்கு வேற போகணுமா?"

"போன தடவை முப்பது சார்."

அதிகாரி அவள் பேனாவை எடுத்து இரண்டாக உடைத்தார். பரவாயில்லை, வேறு இருக்கிறது என்றாள். அவள் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். கண்ணாடியில் அவளும் பார்த்திருக்கிறாளாம். கடைசி அஸ்திரமாக, உங்கப்பா ரிப்பேர் பண்ற லிஃப்ட் பாதியில் நின்றுவிடும் என்றார்.

"அது உண்மைதான் சார். ரெண்டு தடவை நானே மாட்டிக்கிட்டேன்."

செங்கல் இருக்கட்டும், காகிதம்கூட அசையவில்லை. அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படியொரு கட்டுப்பாட்டைப் பார்த்ததில்லை என்று கைகுலுக்கிச் சான்றிதழில் முத்திரை குத்தினார். சிட்டுவுக்குக் கண் கலங்கியது. எந்த நொடியில் அடக்கினோம் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

கதவு படாரென்று திறந்தது. அலுவலக வாட்ச்மேன் மூச்சு வாங்க நின்றார்.

"சார், பாப்பா பாஸ்னு அவங்க அம்மாகிட்ட சீக்கிரம் சொல்லிடுங்க சார். சிரிச்ச முகமாத்தான் நிக்கிறாங்க, ஆனா வாசல்ல நின்ன ஆறு காரும் மொட்டைமாடிக்குப் போயிடுச்சு."