மூன்று துளியும் வறண்ட கையும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்து வாசலில் வரிசை. யாரும் சுடுவதற்காக நிற்கவில்லை. ஈயக்குண்டுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ள நின்றார்கள்.

ஒரு கையில் ஏர் ரைஃபிள், மறு கையில் குண்டு டப்பா. வரிசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், போன மாதம் சங்கத்துக்கு வந்து சேர்ந்த துளி மாஸ்டர். டப்பாவுக்கு மூன்று துளி. இரண்டு விட்டால் குண்டு கோபித்துக்கொள்ளுமாம். நாலு விட்டால் அதற்குத் திமிர் ஏறிவிடுமாம். விட்ட பிறகு டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, "ம்... ஒத்துக்கிச்சு" என்பார். வருஷக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கிய பல் டாக்டர் ஒருவர் அதைக் கேட்டுக் கண் கலங்கினார். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நானும்தான் நின்றேன்.

மாஸ்டர் சும்மா வாயால் அளப்பவர் அல்லர். கண் முன்னாலேயே செய்து காட்டுவார். முதலில் குழலுக்குள் துணியை விட்டுப் பளபளவென்று துடைப்பார். "நியாயம்னா நியாயம். அழுக்கு மேல பழி போடக் கூடாது பாருங்க!" பிறகு எண்ணெய் படாத வறண்ட குண்டு இருபது சுடுவார். அட்டையில் ஓட்டைகள் திசைக்கொன்றாகக் கிடக்கும். அடுத்து அதே துப்பாக்கியில் எண்ணெய்க் குண்டு இருபது. அத்தனையும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள்! இரண்டு அட்டையையும் தூக்கிக் காட்டினால் தகரக் கூரை அதிரும்படி கைதட்டல். அந்த எண்ணெய்ப் புட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்; சுற்றிய தலையோடு வாங்கினோம். எங்கள் குண்டுகள் என்னவோ பழைய இடத்தில்தான் விழுந்தன. ஆனால் ஏதோ முன்னேறியது போல மனசுக்கு ஒரு தெம்பு.

இதில் அடிபட்டவள் தையல்காரி ஒருத்திதான். சங்கத்திலேயே நன்றாகச் சுடுபவள், செயலாளரின் தங்கை. அடுத்த மாதப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அந்த ஓர் இடத்துக்காக நாலு வருஷமாகக் கடையைச் சாத்தியதும் ஓடி வந்து பழகியவள். தேர்வு நாளன்று மாஸ்டரைப் பார்த்து அவளும் வீட்டிலேயே குழலைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். எடுத்த எடுப்பிலேயே எண்ணெய்க் குண்டைப் போட்டுச் சுட்டாள். ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை.

மாஸ்டர் அவள் உள்ளங்கையை உற்றுப் பார்த்தார். "வறண்ட கை. எண்ணெய் ஏத்துக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மாஸ்டரே சொல்லிட்டாரு. இந்தத் தடவை டாக்டர் போகட்டும்மா" என்றார் செயலாளர். டயர்க் கடை வைத்திருக்கும் மனிதர்.

"அண்ணே, நாலு வருஷமா இதே கையாலதானே சுட்டேன்?"

"அப்போ எண்ணெய் இல்லையே!"

அவள் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் வழக்கம்போல டப்பாவை நீட்டி மூன்று துளி வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க அவள் கடைக்குப் போனேன். மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு முடித்திருந்தாள். என் பேண்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஏதோ கந்தலை எடுத்துக் கடகடவென்று தைக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, கந்தலை எதுக்குத் தைக்கிற?"

"துடைச்சதும் முதல் தையல் ஒழுங்கா விழாதுங்க. கொஞ்சம் ஓடிப் பழகணும்..." என்றவள் சட்டென்று காலை எடுத்தாள். மெஷின் நின்றது. "அவரு எப்பவும் எந்தக் குண்டை முதல்ல சுடுவாரு?"

"வறண்டதை."

"துடைச்ச உடனே?"

"ஆமா."

"வறண்டதுக்கும் எண்ணெய்க் குண்டுக்கும் நடுவுல மறுபடி துடைச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். அந்த மாதத்தில் நான் யோசித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு அவள் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், உங்க துப்பாக்கி, உங்க எண்ணெய், உங்க கை. நான் எதையும் தொடல. வழக்கம்போலக் குழலைத் துடைங்க. இன்னைக்கு மட்டும் எண்ணெய்க் குண்டு முதல்ல, வறண்டது அப்புறம்."

"எண்ணெய்க்குன்னு ஒரு முறை இருக்கும்மா. அது பின்னாலதான் வரும்."

"எண்ணெய்க்கு வரிசையெல்லாம் தெரியுமா?"

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சுட்டுக் காட்டிடுங்க மாஸ்டர்! இதோட வாயை மூடட்டும்!" கூட்டமும் சேர்ந்து கத்தியது. பக்தர்களே பிடரியைப் பிடித்துத் தள்ளினால் மாஸ்டர் என்ன செய்வார், பாவம்! குழலைத் துடைத்தார். டப்பாவை எடுத்தார். திரும்ப வைத்தார். நெற்றியைத் துடைத்தார்.

"சரி. அதுக்கு முன்னால ஒரு இருபது குண்டு சும்மா சுட்டுக்கறேன்."

"எதுக்கு?"

"துடைச்ச குழல் இல்லியா? கொஞ்சம் பழகினாத்தானே நேராப் போகும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"பழகினாலே நேராப் போகும்னா, எண்ணெய் எதுக்கு மாஸ்டர்?"

அவள் விடவில்லை, குழலைப் பழக்காமலே சுட வைத்தாள். எண்ணெய்க் குண்டு இருபதும் மூலைக்கொன்றாகப் போயின. அடுத்து வறண்டவை, பொத்தானுக்குள். மறுபடி எண்ணெய், அதே பொத்தான். எண்ணெய் கெடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"தேர்வை மறுபடி வைங்கண்ணே" என்று தன் துப்பாக்கியை எடுத்தாள். குழல் பழகும் வரை சுட்டுவிட்டு, டாக்டரோடு போட்டிக்கு நின்றாள். குண்டும் வறண்டது, கையும் வறண்டது. அவள் அட்டையின் நடுவில் எல்லாக் குண்டும் சேர்ந்து போட்ட ஒரே ஓட்டைதான் தெரிந்தது. அண்ணன் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "நீதாம்மா போற. மன்னிச்சுக்க" என்று அட்டையை அவளிடம் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து நழுவினார் மாஸ்டர். வாசல் கதவின் கீல் கிறீச்சென்று கத்திக் காட்டிக்கொடுத்தது.

"மிச்சப் புட்டியை என்னம்மா பண்றது?" என்றார் அண்ணன்.

"அந்தக் கீலுக்கு ஊத்துங்க."

ஊற்றினோம். கத்தல் நின்றது. அந்த எண்ணெய் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மறுவாரம் டாக்டர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "பக்கத்து ஊர்ல ஒருத்தர் குண்டை மூணு தடவை ஊதித் தர்றாராம். போய்ப் பாப்பமா?"

"டாக்டர், குறி பாக்க ஒரு கண்ணை மூடினாப் போதும். நாம ரெண்டையும் மூடிக்கிட்டு வரிசையில நின்னோம். ஒண்ணையாவது திறங்க!"