பெண் பார்க்க வந்தவர்களைப் பெட்டி திட்டிய கதை

பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. சில வீடுகளில் பன்னீர் தெளிப்பார்கள். சில வீடுகளில் சந்தனமும் கல்கண்டும் நீட்டுவார்கள். எங்கள் வீட்டில், "ஏலே, குடும்பத்தோட கெளம்பி வந்துட்டீங்களா திங்கிறதுக்கு?" என்று கேட்டோம். அதுவும் ஒலிபெருக்கியில், என் அப்பாவின் குரலில். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான். (அவர்கள் பார்க்க வந்ததும் என்னைத்தான்.)

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் பாதையில், பஸ் மூச்சு வாங்கித் திரும்புகிற ஒரு வளைவுக்கு மேலே எங்கள் வீடு. அடுக்கடுக்காக வெட்டிய தோட்டம். மேல் அடுக்குகளில் பூண்டு, கீழே உருளைக்கிழங்கும் கேரட்டும். தோட்டத்தை ஒட்டியே காடு. பொழுது சாய்ந்ததும் காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு இறங்கிவிடும். பூண்டைத் தின்னாது. ஆனால் மண்புழுவைத் தேடி, டிராக்டர் விட்டாற்போல் பாத்தியை உழுதுபோட்டுவிட்டுப் போகும்.

அப்பா பேசவே மாட்டார். வீட்டில் "ம்" என்றால் சரி, "ம்ம்" என்றால் வேண்டாம், அவ்வளவுதான் அவர் அகராதி. அம்மா இத்தனை வருஷம் அந்த இரண்டு எழுத்துகளோடுதான் குடும்பம் நடத்தினாள். ஆனால் பன்றியைக் கண்டுவிட்டால் போதும், அந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அத்தனை வார்த்தை வருமோ! தோட்டத்து வரப்பில் தகரத்தையும் தட்டிக்கொண்டு அவர் வைய ஆரம்பித்தால், பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பன்றிகளும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடும்.

சிக்கல் என்னவென்றால், இப்படி வைவதற்கு அவர் அந்தக் குளிரில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவே இல்லை. அப்போதுதான் நான் திண்டுக்கல்லில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து, ஒரு பை நிறைய வயர்களோடும் உலகத்தையே திருத்திவிடும் எண்ணத்தோடும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அப்பாவை வீட்டுக்குள் தூங்க வைப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் பாத்திகளில் ஈரப்பதம் பார்க்கும் சென்சார்களைக் குத்தினேன். "மண் காய்ந்துவிட்டது, உடனே தண்ணீர் பாய்ச்சவும்" என்று அப்பாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. அந்த நேரம் அப்பா கொட்டுகிற மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். போனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ம்ம்" என்றார்.

அடுத்தது பன்றிக்கான பெட்டி. தோட்டத்தைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, ஆள் அரவம், மிருக அரவம் அறியும் சென்சார் பொருத்தினேன். ஏதாவது குறுக்கே வந்தால் சோலார் பெட்டிக்குத் தகவல் போகும். பெட்டி ஒலிபெருக்கியை முடுக்கும். அப்படியே என் போனுக்கும் மெசேஜ் வரும். இதற்கு நான் வைத்த பெயர் "அறிவார்ந்த பயிர்ப் பாதுகாப்பு அமைப்பு." அம்மா வைத்த பெயர் "அந்தச் சனியன்."

ஒலிபெருக்கியில் முதலில் புலி உறுமலைப் போட்டேன். பன்றிகள் இரண்டு நாள் மிரண்டன. மூன்றாம் நாள் புலிக்கு முன்னாலேயே உட்கார்ந்து கிழங்கு தின்றன. மிரண்டது பக்கத்து வீட்டுப் பசுமாடு மட்டும்தான். அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதில் எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. (அது வேலை செய்கிற ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது அழுதிருக்கிறார்கள்.) பன்றிகள் பயப்படுவது அப்பாவின் குரலுக்கு. அப்படியானால் அந்தக் குரலையே போட்டால் என்ன?

"அப்பா, பன்னிய வையிற மாதிரி கொஞ்சம் வையுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்" என்று போனை நீட்டினேன். அப்பா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பன்னி இல்லாம எப்படி ஆத்தா வையிறது?"

அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் பன்னி மாதிரி நிக்கிறேன். என்னையப் பாத்து வையுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். "இவள வைய வருமா?" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

கடைசியில் ஒரு சாயங்காலம், நிஜமாகவே பன்றிக்கூட்டம் இறங்கியபோது, அப்பாவுக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பதிவு செய்தேன். முத்து முத்தாக வந்து விழுந்தது: "ஏலே! குட்டி குட்டானோட, குடும்பத்தோட கெளம்பி வந்துட்டீங்களா திங்கிறதுக்கு? ஒங்க அப்பன் ஆத்தா சோறு போடலையா? அடுத்தவன் ஒழைப்பத் தின்னு ஒடம்ப வளத்து வச்சிருக்கியே, வெக்கமா இல்ல? பொழுது எறங்கிருச்சு, இன்னும் இங்க என்ன சோலி? போ! வெரசா வீட்டுக்குப் போ!"

பெட்டியில் ஏற்றினேன். பன்றிகள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அப்பா வீட்டுக்குள் படுத்தார். இருமல் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஜோரில்தான் தாண்டிக்குடியில் நடந்த ஒரு விவசாயிகள் கூட்டத்துக்கு என் ஈரப்பதக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோரும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மண்ணோடு என் கையில் திணித்தார்கள். ஒருவர் மட்டும் வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். "மழையில தப்பாக் காட்டுமேங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கதிரேசன் என்று பெயர். காப்பியும் ஆரஞ்சும் போட்டிருப்பதாகச் சொன்னார். ஊருக்குத் திரும்பும் பஸ் முழுக்க அந்த வேட்டி நுனியையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு அந்த வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்தபோது, நான் சாமி அறைக்குள் போய் நின்று நன்றி சொன்னதை அம்மா பார்த்துவிட்டாள். இந்த இடம் தட்டிப்போனால் நான் என்ன ஆவேன் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கதிரேசனை வளர்த்தது அவர் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மரியாதையில் கடுகளவு குறைந்தாலும் கல்யாணப் பந்தியிலிருந்தே எழுந்து போகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதனால் அம்மா அப்பாவுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள். "வாங்க, வாங்கன்னு ரெண்டு தடவ சொல்லணும். 'ம்'முன்னு நின்னுராதீங்க." அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் "வாங்க, வாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் மத்தியானம் மூன்று மணிவாக்கில் வருவதாக ஏற்பாடு. பெட்டியை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் பகலில் அது தானாகவே தூங்கிவிடும். கடிகாரம் வைத்து முடுக்குவதெல்லாம் பழைய முறை என்று, வெளிச்சத்தை உணரும் சென்சார் வைத்திருந்தேன். வெளிச்சம் குறைந்து இருட்டினால் விழித்துக்கொள்ளும், விடிந்தால் படுத்துக்கொள்ளும். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. எங்கள் மலையில் மூன்று மணிக்கே மேகம் இறங்கி வீட்டுக்குள் லைட் போட வைக்கும் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த இந்த அறிவுக்கொழுந்துக்கு நினைவில்லை.

அன்றைக்கென்று மேகம் இறங்கியது. எதிரே இருந்த கொய்யா மரம் காணாமல் போனது. ஜீப்பை வளைவுக்கு மேல் ஏற்ற முடியாமல் அவர்கள் கீழேயே நிறுத்திவிட்டு, தோட்டத்து வழியாக நடந்து வந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. நான் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

"கீழ்ப்பக்கம் நடமாட்டம்." அடுத்து, "கீழ்ப்பக்கம் நடமாட்டம்: கூட்டம்."

எனக்கு வந்த கோபத்தில் பெண் பார்க்கிற நாள் என்பதே மறந்துபோனது. "அப்பா! கெழங்குக்காட்டுல கூட்டமா எறங்கிருச்சு!" என்று கத்தினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு "வாங்க, வாங்க" சொல்லக் காத்திருந்த அப்பா, மூலையில் கிடந்த கம்பையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு பாய்ந்தார்.

கீழே நடந்ததைக் கதிரேசன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேகத்துக்குள் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. பெரியப்பா, பழத்தட்டோடு நடந்துகொண்டிருந்தார். திடீரென்று இடது பக்கத்திலிருந்து, "ஏலே! குடும்பத்தோட கெளம்பி வந்துட்டீங்களா திங்கிறதுக்கு?" என்று ஒரு குரல். பெரியப்பா நின்றுவிட்டார். "ஒங்க அப்பன் ஆத்தா சோறு போடலையா?" என்றது குரல். அவர் நாலடி பின்னால் நகர, இன்னொரு கம்பத்து சென்சார் விழித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் வலது பக்கம் திரும்ப, அங்கே மேகத்தைக் கிழித்துக்கொண்டு, அதே குரலில் வைதபடி, கம்பை ஓங்கிக்கொண்டு, நிஜ அப்பாவே வந்து நின்றார்.

பெரியப்பா தட்டை நழுவவிட்டார். ஆரஞ்சுப் பழங்கள் எங்கள் கிழங்குப் பாத்தியில் உருண்டன.

ஓங்கிய கம்போடு அப்பா, ஒரு வாரமாகப் பழகியதை அப்போதுதான் சொன்னார். "வாங்க, வாங்க."

நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, பெரியப்பா வெடித்துக்கொண்டிருந்தார். "திங்கவாய்யா வந்தோம்? நாங்க என்ன சோத்துக்கு இல்லாமயா வந்தோம்? ஒலிபெருக்கி கட்டி வையிறீகளே, இப்படி ஒரு ஊர நான் பாத்ததில்ல. திரும்புடா கதிரேசா!"

"ஒங்கள இல்லைங்க. பன்னியத்தேன் வஞ்சேன்" என்றார் அப்பா.

"பன்னிக்கு அப்பன் ஆத்தா இருக்காய்யா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இருக்கும்லங்க?" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது கதிரேசன் எங்கள் யாரையும் பார்க்காமல் கம்பத்துப் பக்கம் போய் சென்சாருக்கு முன்னால் கையை ஆட்டினார். "அடுத்தவன் ஒழைப்பத் தின்னு ஒடம்ப வளத்து வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" என்று பெட்டி முழுசாக ஒப்பித்து முடிக்கும் வரை நின்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "பன்னி வருதாங்க இப்ப?" என்று கேட்டார்.

"வர்றதில்ல" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆனா மேகத்துக்கும் முழிச்சுக்குது."

"ஆமா."

"பெரியப்பா, போன மாசம் நம்ம காட்டப் பன்னி என்ன பண்ணுச்சுன்னு மறந்துட்டீகளா? காப்பி நாத்த எல்லாம் பிடுங்கிப் போட்டுச்சே. நீங்க எம்புட்டு வஞ்சீக, ஒண்ணாவது ஓடுச்சா?"

பெரியப்பா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வைகிற விஷயத்தில் தன்னைவிடப் பெரிய ஆளைப் பார்த்துவிட்ட மரியாதையோடு, "ஒங்களுக்கு ஓடுதாக்கும்?" என்று கேட்டார். அப்பா, "ம்" என்றார். அம்மா இதற்குள் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்து, சிதறின ஆரஞ்சுகளைப் பொறுக்கித் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். எல்லோரும் வீட்டுக்கு ஏறினோம். வழியில் பெட்டி இன்னும் இரண்டு முறை எங்களை வைதது. அணைக்கிற சாவியை நான் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணத்தில் அவர்கள் கேட்டு வாங்கிய ஒரே சீர் அந்தப் பெட்டிதான். பழத்தட்டு, பலகாரத் தட்டுகளுக்கு நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அது தாண்டிக்குடியில், எங்கள் காப்பித் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா, "குடும்பத்தோட வந்துட்டீகளா திங்கிறதுக்கு?" என்றுதான் கேட்பார். பழகினவர்கள் சிரிப்பார்கள். புதியவர்களுக்கு நான் முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் பூண்டு மூட்டையோடு எங்களைப் பார்க்க வந்து, மங்கிய நேரத்தில் குறுக்கு வழியில் ஏறினார். பெட்டி அவரையும் விடவில்லை. கடைசி வரை நின்று கேட்டுவிட்டு வந்து, "நல்லாத்தேன் வையிறான்" என்றார். அவர் வாயால் அவருக்கே கிடைத்த ஒரே பாராட்டு அது.

போன வருஷம் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். கதிரேசன் புது சென்சார், புது ஒலிபெருக்கி எல்லாம் மாற்றிவிட்டார். இப்போது மேகத்துக்கும் இருட்டுக்கும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியும். குரலை மட்டும் மாற்றவில்லை. எனக்கு அப்பா நினைப்பு தாங்க முடியாமல் வருகிற நாட்களில், பொழுது சாய்ந்ததும் காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்து, வேண்டுமென்றே கம்பத்துக்குக் குறுக்கே போய் நிற்பேன். உயிரோடிருந்தபோது என்னை ஒரு வார்த்தை வையாதவர், இப்போது வாய் நிறைய வைகிறார். நான் அழுகையும் சிரிப்புமாக அந்தக் கடைசி வரி வரும் வரை நிற்பேன்.

"பொழுது எறங்கிருச்சு, இன்னும் இங்க என்ன சோலி? போ! வெரசா வீட்டுக்குப் போ!"

வாசலிலிருந்து கதிரேசன் குரல் கொடுப்பார். "அதான் ஒங்கப்பா சொல்லிட்டாருல்ல? வா."