பச்சை நைட்டியும் இருபத்துமூன்று பறவைகளும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அவ்விடம் நீயும் உன் மனைவி மக்களும், அங்கே வந்து இன்றோடு ஆறு நாளான உன் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அவள் பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் இந்தக் கடிதம். அவளைத் திருப்பி அனுப்பிவை. விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் என் மானம் போன கதை.

ஆலை வாசலில் முப்பத்துநாலு வருஷம், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான் என்று எழுதியே பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றதும் எழுத ஆள் இல்லை. காலையில் உன் அக்கா முன்முற்றத்தில் கம்பு இறைப்பாள், பறவைகள் வரும். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். ஏழரைக்குச் சிட்டுக்குருவி பதினொன்று, ஏழே முக்காலுக்கு மைனா நாலு, பின்னாலேயே சண்டை போட்டுக்கொண்டு தவிட்டுக்குருவி ஏழு, மதில்மேல் காகம் ஒன்று. ஆனால் நான் வாசற்படியில் கால் வைத்தால் போதும், அத்தனையும் பறந்துவிடும். அவளிடமோ மைனா நடந்து போய் உள்ளங்கையிலிருந்தே கொத்தித் தின்னும். எனக்கு வயிறு எரிந்தது மாப்பிள்ளை, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் அவள் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். கொடியில் கிடந்த அவளுடைய பச்சை நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் ஏணிமேல் நின்ற எலக்ட்ரீஷியன், "சார், உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றான். "உன் வேலையப் பாருய்யா" என்றேன். பறவைகள் வந்தன. ஆனால் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. தவிட்டுக்குருவி வாயை மூடிக்கொண்டிருந்து நீ பார்த்திருக்கிறாயா? இருபத்துமூன்றும் அரைவட்டமாக நின்று, தலையைச் சாய்த்து, என் முகத்தையே பார்த்தன. புத்தி கெட்டவன், 'முழு வருகை' என்று நோட்டில் எழுதினேன்.

மறுநாள் உன் அக்கா கம்பை அள்ளிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். மைனா ஒரு கத்து கத்தியது பார், பருந்தைக் கண்டால் கத்துமே, அந்தக் கத்து! எல்லாம் மதில்மேல் ஏறிக்கொண்டு அவளை யாரோ எவரோ போலப் பார்த்தன. ஒரு மணி நேரம் கையை நீட்டியபடி நின்றாள். பிறகு நைட்டியில் ஒட்டியிருந்த இறகைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஊர்ல இருக்கவன் வந்தானா போனானான்னு பாத்தீங்களே, நான் வீட்ல இருக்கேனான்னு ஒரு நாளாவது பாத்தீங்களா? எனக்குன்னு இருந்தது இதுங்கதான். அதையும் பிடுங்கிட்டீங்க" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான்.

இப்போது நான் சட்டையோடு போனாலும் அதுங்க பறக்கிறதில்லை. கம்பையும் தொடுறதில்லை. சும்மா நின்னு பாக்குதுங்க. கதவைச் சாத்தினால் அவள் படுக்கும் அறையின் ஜன்னலைக் கொத்துகின்றன. நேற்று முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறேன், உன் அக்கா மாதிரியே இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எத்தனை நாளாக இப்படி நிற்கிறேனோ தெரியவில்லை. பயமா இருக்கு மாப்பிள்ளை. அவளை அனுப்பு. நோட்டை மூடி வைத்துவிட்டு, அவள் என்ன பேசினாலும் உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லு.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, அடுத்தவன் வருகையை எழுதாத வேலைக்குப் போகட்டும். உன் மனைவியிடம் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் ஜன்னல் வழியே பார்த்தேன். உன் அக்கா வந்துட்டா! முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பு இறைக்கிறாள், பறவைகள் அவளைச் சுற்றி ஒரே கூச்சல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தபோது போன் அடித்தது. "ஏங்க, நான்தான். தம்பி வீட்லேருந்து பேசறேன். கோவமெல்லாம் போயிடுச்சு, நாளைக்கு பஸ் ஏறிடறேன். சாப்பிட்டீங்களா?" என்கிறாள். முற்றத்தில் கம்பு இறைத்த கை நின்றுவிட்டது. இருபத்துமூன்றும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டன. மாப்பிள்ளை, அவளை அனுப்பாதே. இந்தக் கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக நானே அங்கே வந்துவிடுகிறேன்.