காலி மிஷினைப் பார்க்கக் கூடாது

ஊரில் திடீரென்று எல்லோரும் இளைக்க ஆரம்பித்தார்கள்.

கண்ணால் பார்த்தால் தெரியாது. பழைய சட்டை பழைய இடத்தில்தான் இறுகியது. பழைய நாற்காலி பழையபடிதான் முனகியது. ஆனாலும் இளைத்திருந்தார்கள். கையில் அட்டை இருந்தது, அட்டையில் எழுதியிருந்தது. அச்சடித்த அட்டை பொய் சொல்லுமா?

இளைக்க வைத்தவருக்குப் பெயர் கரைப்பார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்ற பழமொழியில் வருகிறவர் தாம்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார். பழமொழிக்கு வாய் இல்லை, அது மறுக்கவில்லை.

மரச்சாமான் கடை ஒன்றின் மேலே, மூன்றாவது மாடியில் அவருடைய கூடம். ஞாயிறு காலை வரிசை படிகளில் வழிந்து, தெருவில் திரும்பி, மருந்துக் கடை வாசல் வரை நீளும். லிஃப்ட் இருந்தது, அதில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. கரைப்பாரிடம் போன யாருக்காவது உண்மையிலேயே நூறு கிராம் குறைந்திருந்தால், அந்தப் புகழ் முழுவதும் அந்த அட்டையையே சேரும்.

வரிசையில் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை.

"எங்க சித்தி ஒன்பது கிலோ."

"ஒன்பதா? நேத்துகூடப் பார்த்தேனே, தெரியலையே."

"முதல்ல உள்ளுக்குள்ளதான் குறையுமாம். வெளியில தெரிய நாளாகும்."

"அப்படியா. அப்ப எனக்கும் உள்ளுக்குள்ள குறைஞ்சிட்டுதான் இருக்கும்."

இது கரைப்பாரின் வாக்கு. எடை முதலில் போகும். உருவம் பின்னால் போகும். ரயில் எஞ்சினும் பெட்டியும் மாதிரி. எஞ்சின் போய்ச் சேர்ந்துவிட்டது, பெட்டி மட்டும் இன்னும் வரவில்லை என்றால் அது எந்த ஊர் ரயில் என்று யாரும் கேட்கவில்லை.

வைத்தியம் எளிமையானது. முதல் நாள் கீழே, படிக்கட்டு அருகே, மின்னணு மிஷினில் எடை பார்ப்பார்கள். அதை அட்டையில் எழுதுவார்கள். மேலே போனதும் ஒரு கண்ணாடி ஜாடி. நாள்தோறும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை அதில் கொட்டிவிட வேண்டும். "சுரப்பி தூங்குது. மாத்திரை அதைச் சோம்பேறியாக்குது. நான் தட்டி எழுப்புறேன்" என்பார் கரைப்பார். பிறகு தொண்டையில் கட்டை விரலை வைத்து மூன்று முறை ஊதுவார். கையில் ஒரு பாட்டில் நீர் கொடுப்பார். கட்டணம் கிடையாது, பாட்டிலுக்கு மட்டும் விலை உண்டு.

அடுத்த வாரத்திலிருந்து உள்ளறையில் எடை. அங்கே இருந்தது வேறு மிஷின்: பழைய காலத்து வட்ட முகம், சிவப்பு முள். அதன் மேல் எப்போதும் ஒரு பச்சைப் பட்டுத் துணி. ஆள் ஏறும் நேரத்தில்தான் துணி விலகும். இறங்கியதும் உதவியாள் மறுபடி மூடிவிடுவான். காலி மிஷினைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போன எடை திரும்பி வந்துவிடும். ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னால் கரைப்பார் அவர்களுடைய அட்டையை வாங்கிப் படிப்பார், கண்ணை மூடுவார், துணிக்கு அடியில் கையை விட்டு மிஷினை ஆசீர்வதிப்பார். மனிதரை ஆசீர்வதிக்கிறவர்கள் எத்தனையோ பேர். மிஷினை ஆசீர்வதிக்கிறவர் இவர் ஒருவர்தான். கூட்டம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

அந்த வரிசையில் ஒரு பஸ் டிரைவரும் நின்றாள். நகரப் பேருந்து, முப்பத்தெட்டு நிறுத்தங்கள், பதினோரு வருட அனுபவம். நான்கு வருடமாகத் தைராய்டு குறைவு. கழுத்திலிருக்கும் சுரப்பி வேலையை அரைகுறையாகச் செய்தது. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் ஒரு சின்ன மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டியது. மாத்திரை அவளை நடமாட வைத்தது, ஒல்லியாக்கவில்லை. எண்பத்துநாலு கிலோ. டிப்போவிலும் வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான் தெரியும்: "கொஞ்சம் வாயைக் கட்டு." அவள் கட்டித்தான் இருந்தாள். இரவில் பாதி வயிறு, பகலில் முக்கால் பசி. அதை யாரும் கேட்கவில்லை.

கரைப்பார் வேறு மாதிரி சொன்னார்: "இது உன் தப்பு இல்லம்மா."

அவளை மூன்று மாடி ஏற வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். பொய்க்காரன் தன் கடையில் முதலில் கொடுப்பது எப்போதும் ஓர் உண்மையைத்தான். மற்றதையெல்லாம் அதோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறான்.

ஜாடியில் மாத்திரையைக் கொட்டினாள். முதல் வாரம் ஒரு கிலோ. மூன்றாவது வாரம் மூன்று கிலோ. ஐந்தாவது வாரம் ஐந்து. இத்தனை ஒழுங்காக இளைக்கிற உடம்பு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சம்பளம்கூட இப்படி வராது.

வீட்டில் கணவர் தையற்காரர். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவர். மனைவியின் சீருடைக்கு இரண்டாவது வாரம் பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டார். நான்காவது வாரம் இன்னும் அரை அங்குலம். "துணி மட்டம். துவைக்கத் துவைக்கச் சுருங்குது" என்றார். கையில் அளவு நாடா, சுவரில் கரைப்பாரின் அட்டை. அவர் நம்பியது சுவரை.

அவருடைய தங்கை, அதாவது டிரைவரின் நாத்தனார், அடுத்த தெருவில் இருந்தாள். எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் வேலை. கடை கடையாகப் போய், தராசுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைக்கிற உத்தியோகம். கடைக்காரர்கள் அவளைக் கண்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவள் இருபது வருடமாக நம்பவில்லை.

ஆறாவது வாரத்தின் நடுவில் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மதியம், நல்ல வெயில். அண்ணி கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. பேசினால் குரல் கரகரத்தது.

"என்ன அண்ணி, இந்த வெயில்ல கம்பளி?"

"குளுருது."

"முகமெல்லாம் வீங்கியிருக்கே."

"எடை குறைஞ்சா அப்படித்தான் தெரியுமாம்."

அண்ணன் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். "அவ அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கா. உனக்கு ஏன் வயிறு எரியுது?"

நாத்தனார் சொன்னால் உண்மைகூடப் பொறாமைதான். குடும்பங்களில் இது எழுதாத சட்டம். அவள் வாதாடவில்லை. மேசையில் கிடந்த சீருடையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். பிரித்த தையலின் பழைய ஊசித் துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன.

"அண்ணே, நீ எத்தனை வருஷமா துணி தைக்கிற?"

"இருபத்தஞ்சு."

"சுருங்கின துணி, ஆளைக் குண்டாக்கிப் பார்த்திருக்கியா?"

அவர் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதற்குப் பிறகுதான் டிரைவர் சொன்னாள். யாரையும் பார்க்காமல், கம்பளியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு.

"செவ்வாய்க்கிழமை சிக்னல்ல நின்னேன். சிவப்பு. அப்புறம் பின்னாடி எல்லா வண்டியும் ஹாரன் அடிக்குது. கண்டக்டர் தோளைத் தட்டுறார். ரெண்டு தடவை பச்சை விழுந்து போயிடுச்சாம். நான் தூங்கிட்டேன்."

"பஸ்ல எத்தனை பேர்?"

"நின்னவங்களையும் சேர்த்தா அறுபது இருக்கும்."

தூக்கம் நிற்கும் வண்டியில் வந்ததால் அது செய்தியாகவில்லை. ஓடும் வண்டியில் வந்திருந்தால் மறுநாள் எல்லோரும் படித்திருப்பார்கள்.

"டாக்டர்கிட்ட போலாம், இப்பவே" என்றாள் நாத்தனார்.

"இன்னும் ஒரு வாரம். ஆறாவது வாரத்துல சுரப்பி முழிச்சுக்குமாம். இவ்வளவு தூரம் வந்துட்டு…" டிரைவரின் குரல் தேய்ந்தது. "நீ ஒரு தடவை வந்து பாரேன். உன் கண்ணாலயே பாரு. அது பொய்யின்னா நீ சொல்ற இடத்துக்கு வரேன்."

"சரி அண்ணி. ஆனா அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதே. லீவு போடு."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு கித்தான் பையோடு வந்தாள். அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய பை. மூன்று மாடியும் கை மாற்றி மாற்றித் தூக்கினாள். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் பரிவோடு கேட்டாள்: "கரைப்பாருக்குக் கொண்டுபோறீங்களா?"

"ஆமா. அவருக்குத்தான்."

உள்ளறையில் இருபது பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் முறை வந்தது. கரைப்பார் அட்டையைப் படித்தார். ஆறாவது வாரம். கண்ணை மூடினார். துணிக்கு அடியில் கை போயிற்று, கொஞ்ச நேரம் இருந்தது, வந்தது. துணி விலகியது, டிரைவர் ஏறினாள்.

"எழுபத்தெட்டு" என்றான் உதவியாள். "ஆறு கிலோ போச்சு."

கூட்டம் பெருமூச்சு விட்டது. டிரைவர் இறங்கினாள். உதவியாள் துணியை எடுப்பதற்குள் நாத்தனார் பையிலிருந்ததை மிஷின் மேல் வைத்தாள். கைப்பிடி போட்ட இரும்புக் கல். நெற்றியில் அரசாங்க முத்திரை. அதற்குக் கீழே 20 கிலோ என்று எழுத்து.

"என்னம்மா இது?" என்றார் கரைப்பார்.

"இதுவும் ரொம்ப நாளா இளைக்கணும்னு ஆசைப்படுதுங்க."

எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். பதினாலு.

"பாருங்க" என்றாள் நாத்தனார். "நீங்க இன்னும் ஊதக்கூட இல்லை. பாட்டில் தண்ணி ஒரு வாய் குடிக்கலை. இதுவும் ஆறு கிலோ குறைஞ்சிடுச்சு. இதுக்குத் தொண்டை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கல் கரைந்ததோ இல்லையோ, இரும்பு கரைந்திருந்தது. கரைப்பாரின் முகம் கரையத் தொடங்கியது.

"உன் சந்தேகம் பட்டு மிஷின் கெட்டுப்போச்சு."

"அப்ப சந்தேகம் இல்லாம ஒரு தடவை பார்த்துடலாம்." அவள் கல்லைத் தூக்கினாள். காலி மிஷின் முதல் முறையாக எல்லோர் கண்ணிலும் பட்டது. முள் பூஜ்யத்தில் இல்லை. பூஜ்யத்துக்கு ஆறு கோடு பின்னால் பதுங்கியிருந்தது.

"எங்க வேலையில முதல் பாடமே இதுதான். எந்தக் கடைக்குப் போனாலும் காலித் தராசைத்தான் முதல்ல பார்ப்போம்." மிஷினின் விளிம்புக்கு அடியில் விரலை விட்டாள். "இங்க ஒரு குட்டிச் சக்கரம் இருக்கு. முள்ளைப் பூஜ்யத்துல நிறுத்தறதுக்காக வச்சது. இவர் உங்க அட்டையில எத்தனையாவது வாரம்னு பார்த்துட்டு அத்தனை கோடு பின்னாடி தள்ளிவிடுறார். அதுதான் ஆசீர்வாதம்."

சக்கரத்தைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினாள். கல்லை வைத்தாள். இருபது. கல்லை எடுத்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

டிரைவர் தானாகவே ஏறினாள்.

எண்பத்துநாலு.

அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டினி கிடந்த ஆறு வாரம், ஒரு கிலோகூடக் குறையவில்லை; பட்டினியில் போனதை வீக்கம் நிரப்பியிருந்தது. அந்த அறையில் அப்போது ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

சுவரோரம் இருந்த ஒருவர் எழுந்தார். கோபமாக இருந்தார். கரைப்பார் மேல் அல்ல. "ஏம்மா, நாங்க சந்தோஷமாத்தானே இருந்தோம்? எனக்கு ஏழு கிலோ குறைஞ்சிருந்துச்சு. நீ வந்து எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டியே."

"உங்க ஏழு கிலோ உங்ககிட்டயேதாங்க இருந்துச்சு" என்றாள் நாத்தனார்.

கை கழுவி வருகிறேன் என்று கரைப்பார் வெளியே போனார். சற்று நேரத்தில் லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. பழுதான லிஃப்டை இறங்க வைத்தது ஒன்றுதான் அந்தக் கூடத்தில் அவர் செய்த உண்மையான அற்புதம்.

சிலர் ஜாடியைச் சூழ்ந்துகொண்டு கையை விட்டுத் துழாவினார்கள். "அதைத் தொடாதீங்க" என்றாள் நாத்தனார். "எது யாரோடதுன்னு தெரியாது. டாக்டர்கிட்டயே போங்க." இப்போது அவள் சொன்னதைக் கேட்டார்கள். அதற்கு ஓர் இரும்புக் கல் தேவைப்பட்டது.

டாக்டர் ரத்தச் சோதனை எழுதினார், மாத்திரையை மறுபடி தொடங்கினார், இரண்டு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றார். "நீங்க முதல் தடவை வந்தப்பவே சொன்னேனேம்மா, இந்த நோய் உங்க தப்பு இல்லைன்னு" என்றார். சொல்லித்தான் இருந்தார், அரை நிமிடத்தில், அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே. கரைப்பார் அதையே கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சொன்னார். உண்மைக்கு நேரம் இல்லாத ஊரில் பொய் சாவகாசமாக உட்கார்ந்து பேசும்.

"இது இளைக்கிற மாத்திரை இல்லை" என்றும் டாக்டர் சொன்னார், இந்த முறை அவசரப்படாமல். "வீக்கம் வடியும். சுறுசுறுப்பு வரும். மத்ததை நடந்து, அளவாச் சாப்பிட்டு, மெதுவாத்தான் இறக்கணும். பட்டினி வேண்டாம். மத்தவங்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிக நாள் ஆகலாம்."

ஆயிற்று. இரண்டு மாதம் டிப்போவில் உட்கார்ந்து நேரப் பட்டியல் எழுதினாள். வீக்கம் வடிந்தது. ஐந்தாவது மாதம் எண்பத்தொன்று. அட்டையில் யாரும் எழுதவில்லை. கணவர் தையலைத் திரும்பப் பிடித்தார். துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குள் அவள் பழைய தடத்தில் ஓட்டத் தொடங்கியிருந்தாள். ஒரு காலை, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நின்ற பயணி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊரில் கரைப்பார் வந்திருக்கிறாராம். இப்போது எடை இல்லை, உயரம். மாதத்துக்கு ஒரு அங்குலம் கூட்டுகிறாராம். இவர் தம் மகளைக் கூட்டிப் போகிறாராம்.

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "அந்த ஆள் ஏமாத்துறவருங்க. நான் ஏமாந்திருக்கேன்."

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா. எல்லாத்தையும் சோதிச்சுட்டே இருக்க முடியுமா?"

அடுத்த நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது. கியரைப் போடுவதற்கு முன் சொன்னாள்:

"சரிங்க. உங்களுக்கு நம்பிக்கை பெருசுன்னா, இங்கேர்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் நான் கண்ணை மூடிட்டு ஓட்டுறேன். நீங்க என்னை நம்பி உட்காருங்க."

பயணி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அறுபது பேர் இருக்கோம்."

"பஸ்ஸுன்னா உடனே யோசிக்கிறீங்க" என்றாள் அவள், கண்ணைச் சாலையில் வைத்தபடி. "பொண்ணுன்னா மட்டும் ஏன் யோசிக்க மாட்டேங்கிறீங்க?"