படைக்கு என்ன தேவை என்று பேசப் போனேன்

ஒரே விஷயத்தை ஐந்து வருடம் படித்தவரிடம் தப்பித்தவறிக்கூட "என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு ராணுவம் தனக்கு எந்தப் புதிய ஆயுதம் வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சென்னையில் பட்டம் வாங்கிக்கொண்டு, வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன். அம்மா சொந்தக்காரர்களிடம் "துப்பாக்கிப் படிப்பு" என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு மாப்பிள்ளை வீட்டார் போனை எடுக்காமல் போனதும், "ஹிஸ்டரி மாதிரி ஒண்ணு" என்று மாற்றிக்கொண்டாள். கூடப் படித்தவர்கள் கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானங்களில் அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால், பிவிசி பைப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, வராத நேர்காணலுக்கு நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். (பைப்புகள் நன்றாகக் கவனிக்கும். ஒன்றுகூடப் பாதியில் எழுந்து போனதில்லை.)

ஒரு நாள், ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்கள் சங்கத்தின் செயலாளர் மோட்டாருக்குப் பைப் வாங்க வந்தார். அப்பா சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சி, எம் மவளும் மிலிட்டரியப் பத்தித்தான் படிச்சிருக்கா. டெல்லியிலகூட இருந்துட்டு வந்தா." (மூன்று மாதம். நூலகத்தில்.)

"அப்படியா? அப்ப ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துல வந்து பேசச் சொல்லுங்க."

ராத்திரி பகலாக எண்பத்து நான்கு ஸ்லைடு தயாரித்தேன். 'புதிய ஆயுதங்கள்: படைக்கு என்ன தேவை என்பதைத் தீர்மானிப்பது யார்?' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அது நீளமாக இருக்கிறதென்று செயலாளர் வாட்ஸப்பில் சுருக்கிவிட்டார். 'படைவீரர்களுக்கு என்ன தேவை? டெல்லி மேடம் நேரில் வருகை. தவறாமல் வரவும்.' இதை நான் பிறகுதான் பார்த்தேன்.

பத்துப் பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பனவடலிசத்திரத்திலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவருக்குள் காகிதங்கள். குறிப்பெடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசினேன். எதிரியிடம் என்ன இருக்கிறது, நம்மிடம் எது குறைகிறது என்று முதலில் கணக்குப் போடுவார்கள். பிறகு, வேண்டிய ஆயுதம் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் எழுதுவார்கள். பாலைவனத்திலும் சுட வேண்டும், பனியிலும் சுட வேண்டும், எடையும் இருக்கக் கூடாது, விலையும் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று உலகத்திலேயே இருக்காது. பட்டியலைத் திருத்தி எழுதுவதிலேயே வருடங்கள் ஓடும். கடைசியில் ஒன்று வந்து சேரும்போது தேவையே மாறியிருக்கும். இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காக நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. ஆழ்ந்து யோசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

இருபத்தோராவது ஸ்லைடில், மேடைப் பேச்சாளர் மாதிரி கையை உயர்த்திக் கேட்டேன்: "ஆனால், களத்தில் நிற்கும் வீரனிடம் போய், உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டதுண்டா?"

நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. அறுபது பேரும் மேடைக்கு வந்துவிட்டார்கள்.

"மேடம், மிலிட்டரி கேன்டீன் வண்டி மாசத்துக்கு ஒருக்கத்தான் வருது."

"ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலி வரைக்கும் போவ வேண்டியிருக்கு மேடம்."

"எங்க வீட்டுக்காரர் பேர பென்ஷன் புக்குல தப்பா எழுதிட்டாங்கம்மா. அவுகளும் போயிட்டாக. பேர மாத்தணும்."

செயலாளரைத் தேடினேன். டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார். (அன்று அவர் திரும்பி வரவேயில்லை.) நான் அரசாங்கத்து ஆள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் பிடித்து வந்த முகங்களைப் பார்த்ததும், "சேர்த்துடுதேன்" என்று வந்துவிட்டது. மனுக்களை வாங்கி லேப்டாப் பையில் அடைத்தேன். பையில் இடமில்லாமல் லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு பெரியவர் வந்தார். பீரங்கிப் படையில் இருந்தவராம். காது கேட்கும் கருவி வேண்டும் என்று மனு. எப்படிக் காது போனது என்று சைகையில் கேட்டேன்.

"புது பீரங்கி ஒண்ணு சோதன பண்ணாங்கம்மா. எங்க பீரங்கிப் பிரிவ நிப்பாட்டித்தான் நாள் பூரா சுட்டாங்க."

"அந்தப் பீரங்கியைப் படைக்கு எடுத்தாங்களா?" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"வேண்டாம்னுட்டாங்க."

அதன் பெயரையும் சொன்னார். அந்தப் பீரங்கி என் ஆராய்ச்சியில் இருக்கிறது. நான்காம் அத்தியாயம். 'சோதனைகள் நடத்தப்பட்டன' என்று ஒரு வரி.

மறுநாள் தென்காசியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனுக்களைச் சுமந்துகொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரியம்மா பொறுமையாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "நீங்க யாரு?" என்று கேட்டார். எனக்கு வந்த முதல் நேர்காணல் அதுதான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், அந்தப் பெரியவர் கடைக்கு வந்தார். காதில் கருவி இருந்தது. பைப்புகளுக்கு நடுவே அப்பா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ பேசுனது ஒண்ணுமே கேக்கல தாயி. இப்பச் சொல்லு."

சொன்னேன். இருபத்தோராவது ஸ்லைடைத் தாண்டி, எண்பத்து நான்கு வரைக்கும் சொன்னேன். அவர் ஒரு இடத்தில்கூடக் கண்ணை மூடவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் சரி. அந்தப் பீரங்கிய ஏன் வேண்டாம்னாங்க?"

நான் படித்த காகிதங்கள் எதிலும் அது இல்லை. "தெரியலை தாத்தா" என்றேன்.

"சரிம்மா" என்றார். கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா என்னைக் காட்டிச் சொல்கிறார்: "எம் மவ பேச்சக் கேக்கணும்னே ஒருத்தர் மிஷின் மாட்டிக்கிட்டு வந்தாருல்லா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு போனதை அப்பா ஒருபோதும் சொல்வதில்லை.