ஆராய்ச்சியும் அவர் அண்ணனும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே கொட்டாவியைக்கூட வீணாக விடாத மனிதர் எங்கள் ஆராய்ச்சி ஒருவர்தான். அது அலுவலகத்தில் நாங்கள் வைத்த பட்டப்பெயர்; பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வார இறுதி வந்தால் கைப்பேசியில் நீள நீளமான கட்டுரைகளாகத் தேடிப் படிப்பார். மனம், பண்பாடு, பணம், தொழில்நுட்பம், எதையும் விடமாட்டார். திங்கட்கிழமை எங்கள் மேல் சோதித்துப் பார்ப்பார். பிரியமானவர்கள் கொட்டாவி விட்டால் நமக்கும் வரும் என்று ஒருமுறை படித்துவிட்டு, கூட்டத்தில் மேலாளரைப் பார்த்து வாயைப் பிளந்து பிளந்து கொட்டாவி விட்டார். மேலாளருக்கு வரவில்லை. அந்த மனிதருக்கு நம் மேல் பாசமே கிடையாது என்று என்னிடம் வந்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ரொக்கமாகக் கொடுத்தால் மனம் வலிக்கும், செலவு குறையும் என்றது இன்னொரு கட்டுரை. கைப்பேசியில் பணம் அனுப்புவதை நிறுத்தினார். டீக்கடைக்காரரிடம் சில்லறை இல்லை. மீதிக்குத் தினமும் பிஸ்கட் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஆராய்ச்சிக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது.

வாரத்தில் ஒருநாள் திரையே பார்க்கக்கூடாது என்று படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்த கைப்பேசிகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். மாதா கோயில் பக்கமே போகாத மகன், அங்கே பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் கணினி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பங்குச் சாமியார் வீடு தேடி வந்து பாராட்டினார்.

ஒரு வாரம் மட்டும், படித்ததை எங்களிடம் சொல்லவில்லை. பேச்சு அறுந்துபோன ஒருவரைத் தேடிப்போய்ப் பேசச் சொன்ன கட்டுரை அது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார். சனிக்கிழமை காலை என் வாசலில் நின்று, களமருதூர் வரை வண்டியில் வரமுடியுமா என்று கேட்டார்.

அங்கே அவர் அண்ணன் பயிர் செய்கிறார். இருவரும் பேசிப் பல வருஷம். அம்மா கடைசிக் காலத்தில் ஆராய்ச்சியோடு கள்ளக்குறிச்சியில் இருந்து இறந்துபோனார். ஊரில் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்றார் அண்ணன். இவர் கேட்காமல் கள்ளக்குறிச்சியிலேயே அடக்கம் செய்துவிட்டார். அண்ணன் ஒரு பிடி மண் போட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

எலவனாசூர்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது, திரும்பிவிடலாம் என்றார் ஆராய்ச்சி. நான் காதில் வாங்காததுபோல் வண்டியை எடுத்தேன்.

அண்ணன் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆராய்ச்சி நலம்கூட விசாரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து, கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். மோட்டார் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியப் படித்தார். அண்ணன் கடைசிவரை கேட்டார்.

"இத்த எழுதுனவனுக்கு அண்ணன் இருக்கானா?"

"தெரியலண்ணா."

"அப்புறம் அவன இன்னாத்துக்குப் பேச வுடற? நீ பேசு."

ஆராய்ச்சி திரையை அணைத்தார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊருக்கு அனுப்பிட்டா நான் தனியா பூடுவேன்னு பயந்துக்கினேன். எனக்கோசரந்தாண்ணா அம்மாவ அங்க வச்சிக்கினேன்."

அண்ணன் போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"கல்லறத் திருநாளுக்கு வரேன். அப்பாவாண்டேர்ந்து ஒரு கை மண்ணு எடுத்தாறேன்" என்றார்.

சொன்னபடியே நவம்பரில் வந்தார். அப்பாவின் மண்ணை வேட்டி மடிப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். இருவரும் அம்மாவின் கல்லறைமேல் அதைத் தூவி, பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டார்கள். மெழுகுவத்தி காற்றில் அணைய அணைய, இவர் கையால் மறைத்துக்கொள்ள அவர் ஏற்றினார்.

அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, என் வண்டியின் பின்னால் ஆராய்ச்சி வாயே திறக்கவில்லை. பாதித் தூரம்தான் என்னால் பொறுக்க முடிந்தது.

"எதனா சொல்லிக்கினு வாங்க சார்" என்று நானே கேட்டுவிட்டேன்.